350 ரூபா டிடிஎஸ் மீட்டரும் எங்க எட்டாங்கிளாஸ் பிள்ளைகளும்

மொதல்ல வாங்குன வெவரத்தச் சொல்லிருதேன். திருநெல்வேலி ஜங்ஷன்ல வாட்டர் ஃபில்டர் ஸ்பேர் விக்கிற ஒரு சின்ன கடை, பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில உப்பு மாதிரி சாமான் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டுற கருவி), வெல 350 ரூபா, ரெண்டு பட்டன் பேட்டரி உள்ளயே போட்டுத் தந்தாங்க. ஆன்லைன்ல இதவிட கொறச்சலாவும் கெடைக்கு, ஆனா கடையில போயி வாங்குனதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத பொறவு சொல்லுதேன். வாங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப எங்க ஸ்கூல்ல மூணு மீட்டர் இருக்கு, நாலாவது ஒண்ணு செத்துப்போச்சு, அதையும் சொல்லணும்.

நான் சேரன்மகாதேவி பக்கத்துல அறிவியல் டீச்சர். எங்க கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டு இருக்கு, நெட் இருக்கு, மணற்கேணி ஆப்ல பாடத்துக்கு வீடியோ இருக்கு, வானவில் மன்றத்துல இருந்து ஆள் வந்து செய்முறையும் காட்டிட்டுப் போறாங்க. இதையெல்லாம் நான் கொற சொல்ல வரல. இருதயம் எப்படி ரத்தத்தத் தள்ளுதுன்னு நான் சாக்பீஸ்ல எத்தன வருசம் வரைஞ்சாலும் அந்த ஒரு நிமிச வீடியோ மாதிரி வராது. ஆனா ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போர்டு வந்த பொறவு பிள்ளைக கேள்வி கேக்கது கொறைஞ்சிருச்சு. ஏன்னா கேட்ட ஒடனே பதில் தெரையில வந்துருது, வந்தத நோட்டுல எழுதிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிரலாம். ப்ராஜெக்ட் குடுத்தா பத்துப் பேரு நோட்டுலயும் ஒரே பாரா, ஒரே எழுத்துப்பிழையோட. "இத எங்கல பாத்த"ன்னு கேட்டா "நெட்ல டீச்சர்"ம்பான். நெட்ல எங்க, யாரு எழுதுனது, அவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டா முழிப்பான். அவன் மேல தப்பு இல்ல, அதக் கேக்கணும்னு நாம சொல்லிக் குடுக்கவே இல்லியே.

மீட்டர் எப்படி உள்ள வந்துச்சுன்னா, அல்வாவாலதான். தண்ணி பாடம் நடத்திட்டு இருக்கும்போது ஒரு பையன், "டீச்சர், நம்ம அல்வா ருசிக்கு தாமிரபரணித் தண்ணிதான் காரணமாம், தண்ணியில தாமிரம் இருக்காம்"ன்னான். திருநெல்வேலியில பொறந்தவங்க யாரும் இந்தப் பேச்சக் கேக்காம வளந்திருக்க மாட்டோம். சரி, நெசமான்னு பாப்போம்னு போர்டுல தேடுனோம். அஞ்சாறு பக்கம் வந்துச்சு, எல்லாமே ஆமான்னு சொல்லுது. ஒருத்தன் போன்ல இருக்கிற ஏஐ கிட்ட கேட்டான், அதுவும் தாமிரச் சத்துன்னு அழகா நாலு வரி எழுதிக் குடுத்துருச்சு. அப்ப ரெண்டாவது பெஞ்சுல ஒரு பிள்ள எந்திரிச்சு, "டீச்சர், இந்த மூணு பக்கத்துலயும் ஒரே வரிதான் இருக்கு, 'சுவைக்கு'ங்கிறத 'சுவைகு'ன்னு மூணு எடத்துலயும் தப்பா போட்டிருக்காங்க"ன்னா. கிளாஸ் அப்படியே அமைதியாயிருச்சு. மூணு பேரு சாட்சி சொல்லுதாங்கன்னு நெனச்சோம், பாத்தா ஒரே ஆளு மூணு சட்ட மாத்திட்டு வந்து நிக்கான். அன்னைக்கு நான் வேற பாடமே நடத்தல. அப்ப நாமளே எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு அவங்க கேட்டாங்க, சனிக்கெழம நான் ஜங்ஷனுக்கு பஸ் ஏறிட்டேன்.

கடையில அண்ணாச்சி கிட்ட வெசயத்தச் சொன்னேன், ஸ்கூல் பிள்ளைகளுக்குன்னு. அவரு ஒரு டம்ளர்ல கொழாத் தண்ணி புடிச்சு, டப்பாவுல இருந்து நாலு மீட்டர எடுத்து ஒவ்வொண்ணா முக்கிக் காட்டுனாரு. ஒரே தண்ணி, ஒண்ணு 212, ஒண்ணு 216, ஒண்ணு 214, ஒண்ணு மட்டும் 251. "இத எடுக்காதீங்க டீச்சர்"ன்னு அந்த 251-ஐ தள்ளி வச்சிட்டாரு. கடையில வாங்குங்கன்னு நான் சொல்லுததுக்கு இதான் காரணம். ஆன்லைன்ல அந்த 251 உங்க வீட்டுக்கு வந்துட்டா அது தப்பா காட்டுதுன்னே உங்களுக்குத் தெரியாது, அதையே வேதவாக்கா வச்சிட்டு இருப்பீங்க.

மீட்டர் எப்படி வேல செய்யுதுன்னு சுருக்கமா. கீழ மூடியக் கழட்டுனா ரெண்டு சின்ன கம்பி இருக்கும். தண்ணிக்குள்ள முக்குனா அந்தக் கம்பிகளுக்கு நடுவுல மின்சாரம் எவ்வளவு எளுப்பமாப் போகுதுன்னு பாக்கும், அத ஒரு எண்ணால பெருக்கி லிட்டருக்கு இத்தன மில்லிகிராம் கரைஞ்சிருக்குன்னு காட்டும். அந்தப் பெருக்குற எண்ணு பொதுவா 0.5, செல கம்பெனிக்காரங்க 0.64, 0.7ன்னும் வச்சிருப்பாங்க. அதனால கரைஞ்ச சாமான நேரா எடை போட்டுப் பாக்கதில்ல இது, மின்சாரத்த வச்சுப் போடுத கணக்கு. இத நான் சொல்லிக் குடுக்கல, பிள்ளைகதான் கண்டுபிடிச்சாங்க. மீட்டர் வந்த மொத நாளே ஒருத்தன் கேன் தண்ணியில ரெண்டு ஸ்பூன் சீனியப் போட்டுக் கலக்கிட்டான், எண்ணு எகிறும்னு. ஒண்ணும் ஏறல. "டீச்சர் மீட்டர் கெட்டுப்போச்சு"ன்னு ஓடி வந்தான். உப்பப் போட்டுப் பாருலன்னேன். ஒரு சிட்டிகதான், குபுக்குன்னு ஏறிருச்சு. சீனியும் கரையுது உப்பும் கரையுது, ஒண்ணத்தான் காட்டுது, ஏன்? பாடப்புத்தகத்துல மின்பகுளின்னு ஒரு வார்த்த இருக்கே (கரைஞ்சா தண்ணிய மின்சாரம் கடத்த வைக்கிற பொருள், உப்பு அது, சீனி இல்ல), மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க்குக்கு எழுதுதது, அத அன்னைக்கு அவனாத் தேடி எடுத்து வந்து எனக்கே வாசிச்சுக் காட்டுனான். போர்டுல அயனி வீடியோவப் போடுங்கன்னு அவங்களாக் கேட்டாங்க. அதே வீடியோ போன மாசமும் போட்டதுதான், அன்னைக்கு பாதிப் பேருக்குத் தூக்கம்.

என் மனசுல இருக்கது இதான், இத எழுத வந்ததும் இதுக்குத்தான். பிள்ள கையில அவனே அளந்த ஒரு எண்ணு இருக்கணும். அது இருந்துட்டா போர்டு, நெட்டு, ஏஐ எல்லாத்தையும் அவன் கேள்வி கேக்க ஆரம்பிச்சிருதான். அது இல்லாம எவ்வளவு பெரிய தெரைய மாட்டுனாலும் பாத்துட்டு உக்காந்திருப்பான், அவ்வளவுதான்.

மீட்டர் சரியாக் காட்டுதான்னு பாக்க நாங்க ஒண்ணு செஞ்சோம், வாங்குறவங்க கட்டாயம் செய்யுங்க. 10 லிட்டர் கேன் தண்ணி ஒரு வாளியில, பலசரக்குக் கடையில எலக்ட்ரானிக் தராசுல 10 கிராம் தூள் உப்பு நிறுத்து வாங்கி அதுல போட்டு நல்லாக் கலக்குனா லிட்டருக்கு 1 கிராம் ஆகும், 0.5-ஆல பெருக்குற மீட்டருன்னா 1000-த்த ஒட்டிக் காட்டணும், கேன் தண்ணியில ஏற்கனவே இருந்தத கூட்டிக்கிடணும். எங்களது 1030 காட்டுச்சு, கேன் தண்ணி தனியா 38. எட்டாங்கிளாஸ் பிள்ள ஒரு கருவிய நம்புறதுக்கு முன்னாடி அதுக்கே பரீட்ச வைக்கணும்னு கத்துக்கிட்டது எனக்கு பெரிய சந்தோசம்.

பொறவு ஊர் ஊரா தண்ணி சேக்க ஆரம்பிச்சோம். பொங்கல் லீவுக்கு போற பிள்ளைக எல்லாரும் ஆளுக்கொரு பாட்டில், ஊரு, தேதி, நேரம், கொழாயா கெணறா போரா ஆறான்னு ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டு வரணும். பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, எங்க ஊரு, கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம், அந்தப் பக்கம் திசையன்விளை, இந்தப் பக்கம் ஆலங்குளம்னு முப்பது பாட்டில் சேந்துச்சு. ஒவ்வொரு பாட்டிலையும் மூணு தடவ அளக்கணும், வேற வேற ஆளு அளக்கணும், நடுவுல கம்பியக் கழுவணும். எல்லாத்தையும் ஸ்மார்ட் போர்டுல கூகுள் ஷீட்ல ஏத்துனோம், ஏத்த ஏத்த கிராஃப் வளருது, பிள்ளைகளுக்கு ஒரே குதியாட்டம். பாபநாசத்து ஆத்துத் தண்ணி 50-க்குள்ள நின்னுச்சு, கீழ எறங்க எறங்க ஏறுது, கொக்கிரகுளத்துக்கு வரும்போது 200-ஐத் தாண்டிருச்சு. நாங்க எடுத்த அந்த ஒரு வாரத்துக் கணக்குதான் இது, ஆத்துக்கே இதான் எண்ணுன்னு யாரும் எடுத்துக்கிடாதீங்க, மழைக்கும் கோடைக்கும் மாறும்.

இந்த மீட்டர்ல ஒரு பெரிய வில்லங்கம் இருக்கு, அதுல இங்கதான் மாட்டுனோம். 999-ஐத் தாண்டுனா இது நாலு எலக்கத்த முழுசாக் காட்டாது. மூணு எலக்கம் மட்டும் காட்டி, ஓரத்துல கடுகு அளவுக்கு பெருக்கல் 10-ன்னு ஒரு குறி போடும். 1420ன்னா 142ன்னு நிக்கும், ஓரத்துல அந்தக் குறி. திசையன்விளை போர் தண்ணிய அளந்த பையன் குறியப் பாக்கல, 142ன்னு எழுதிட்டான். கிராஃப்ல அது எங்க ஊரு ஆத்துத் தண்ணி பக்கத்துல போயி உக்காந்துருச்சு. நானும் கவனிக்கல, உண்மையச் சொல்லுதேன். கடைசி பெஞ்சுல ஒரு பிள்ள, அவ அம்மா ஊரு அந்தப் பக்கம், வாயே தொறக்காத பிள்ள, மெதுவா எந்திரிச்சு, "டீச்சர், எங்க ஆச்சி வீட்டுத் தண்ணி கரிக்கும்லா, பருப்பே வேகாது, எப்படி 142 வரும்?"னு கேட்டா. திரும்ப அளந்தோம், அவ சொன்னது சரி, 1420. கம்ப்யூட்டர் போட்ட கிராஃப், கலர்ல, பெருசா, செவத்துல நிக்குது, அத ஒரு பிள்ள தன் நாக்க நம்பி தப்புன்னு சொல்லுதா பாருங்க. அதுக்கப்புறம் அவதான் எங்க நோட்டுக்குப் பொறுப்பு, 'குறி பாத்தாச்சா'ன்னு தனியா ஒரு கட்டமே போட்டு வச்சிருக்கா.

ஒரு எண்ணு வந்துட்டா அது நல்லதா கெட்டதான்னு அடுத்த கேள்வி வரும்லா. வாட்ஸாப்ல ஒரு படம் சுத்துது, இத்தனைக்குக் கீழன்னா அருமை, இத்தனைன்னா விஷம்னு பச்ச மஞ்ச செவப்பு போட்டு. எங்க பிள்ளைக இப்ப ஒடனே கேட்டாங்க, இத யாரு சொன்னாங்கன்னு. அப்ப மூலத்துக்கே போவோம்னு இந்தியத் தர நிர்ணய அமைப்போட குடிதண்ணித் தரம், ஐஎஸ் 10500, 2012-ல வந்த பதிப்பு, அத போர்டுல தொறந்தோம். இங்கிலீஷ்தான், அட்டவணையா இருக்கும், எழுத்துக் கூட்டித் தேடுனாங்க. கரைஞ்ச திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கிடலாம், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 2000 வரைக்கும் விடலாம், இதான் அதுல இருக்கு. கலரும் இல்ல, விஷமும் இல்ல. உலக சுகாதார நிறுவனமும் இதுக்கு ஒடம்புக்குக் கெடுதல்னு எந்த எல்லையும் போடல, 600-க்குக் கீழ ருசி நல்லாருக்கும், 1000-த்துக்கு மேல போகப் போக குடிக்கப் புடிக்காதுன்னு ருசிய வச்சுத்தான் சொல்லுது. ரெண்டு வரியக் கண்டுபிடிக்க முக்கா மணி நேரம் ஆச்சு. அந்த முக்கா மணி நேரத்த வீணுன்னு நான் நெனைக்கல, அந்த ஒரு பீரியடுக்குத்தான் ஸ்மார்ட் போர்டுக்கு நெசமான வேல கெடச்சுச்சுன்னு சொல்லுவேன்.

இப்ப மீட்டரால ஆகாதது என்னன்னு. கிருமி இருக்கான்னு காட்டாது. ஈயம், ஆர்சனிக், ஃப்ளோரைடு, பூச்சி மருந்து இதெல்லாம் தனியாக் காட்டாது, எல்லாத்தையும் சேத்து ஒரே எண்ணுதான். சாக்கடை கலந்த தண்ணி 300 காட்டலாம், சுத்தமான கெணத்துத் தண்ணி 600 காட்டலாம், எண்ணு கொறச்சலா இருக்குன்னு மொதத் தண்ணியக் குடிச்சா வயித்தால போகும். தாமிரம் இருக்கா இல்லியான்னும் இதால சொல்ல முடியாது. அதாவது நாங்க எந்தக் கேள்விக்காக வாங்குனோமோ அந்தக் கேள்விக்கு இந்தக் கருவி பதில் சொல்லாது! இத பிள்ளைக கண்டுபிடிச்சப்ப மூஞ்சி வாடிப்போச்சு. ஆனா ஒரு கருவிக்கு எது முடியும் எது முடியாதுன்னு தெரிஞ்சுக்கிடதுதான் பாதி ஆராய்ச்சி. ஜல் ஜீவன் திட்டத்துல பஞ்சாயத்துக்கு ஒரு சோதனைப் பெட்டி குடுத்திருக்காங்க, கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, இரும்பு, நைட்ரேட்டெல்லாம் சொட்டு மருந்து விட்டு கலர வச்சுப் பாக்கலாம். நாலு பிள்ளைக மனு எழுதிட்டுப் போயி பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டாங்க, அங்க இருந்த அக்கா ஒருத்தங்க பெட்டியோட ஸ்கூலுக்கே வந்து செஞ்சு காட்டுனாங்க. அதுலயும் தாமிரம் கெடையாது, அதுக்கு குடிநீர் வடிகால் வாரியத்து லேபுக்குத்தான் போகணும். அந்த மனுவ இப்ப எழுதிட்டு இருக்காங்க.

அல்வா சோதன நடந்துச்சான்னு கேப்பீங்க. நடந்துச்சு. ஒரு பையனோட அப்பா கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டர். சம்பா கோதுமைய ஊறப் போட்டு, ஆட்டி, பால் எடுத்து, தெளிய வச்சு, மேல் தண்ணிய எறுத்து, அப்புறம் சீனி, நெய்யின்னு கிண்டணும், லேசுப்பட்ட வேலையா. மூணு சட்டி, ஒண்ணு ஆத்துக் கொழாத் தண்ணி, ஒண்ணு கேன் தண்ணி, ஒண்ணு அந்த 1420 போர் தண்ணி. கோதும ஒண்ணு, நெய்யி ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, கிண்டுற ஆளு ஒண்ணு. கிண்ணத்துல வெறும் எண்ணு மட்டும் எழுதி, எது எந்தத் தண்ணின்னு சொல்லாம, ஏழாங்கிளாஸ் பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் குடுத்தோம். போர் தண்ணி அல்வாவ முக்காவாசிப் பேரு ஏதோ ஒரு மாதிரி இருக்குன்னு தள்ளிட்டாங்க. ஆத்துத் தண்ணிக்கும் கேன் தண்ணிக்கும் வித்தியாசம் சொல்ல ஆளில்ல, பாதிப் பேரு இது நல்லாருக்குன்னாங்க பாதிப் பேரு அது நல்லாருக்குன்னாங்க. அப்ப தாமிரபரணிக்கு மகிமையே இல்லன்னு ஒருத்தன் எழுதப் போனான். அந்த நோட்டுப் பிள்ள புடிச்சுட்டா: "ஏல, உங்கப்பாவுக்கு எந்தச் சட்டியில எந்தத் தண்ணின்னு தெரியும்லா, அவரு ஒண்ண நல்லாக் கிண்டி ஒண்ண லேசாக் கிண்டிருந்தா?" மாஸ்டர் சிரிச்சிட்டாரு. அடுத்த தடவ அவருக்கும் தெரியாம தண்ணிய மாத்தி வைக்கணும்னு முடிவாச்சு. இன்னும் செய்யல, நெய் வெல அப்படி. ஆனா எங்க கிளாஸ் செவத்துல 'அல்வாவுக்கு ஆத்துத் தண்ணிதான் காரணமா?'ங்கிற கேள்விக்குக் கீழ 'இன்னும் தெரியல, ஒரு தடவ மட்டும் பாத்திருக்கோம்'னு பெருசா எழுதி ஒட்டியிருக்கு. பிள்ளைக எழுதுனதுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச வரி அது. இருட்டுக்கடை வாசல்ல சாயங்காலம் நிக்கிற கூட்டத்தப் பாத்தா இந்தக் கேள்விக்கு தண்ணியத் தாண்டியும் பதில் இருக்கும்னு தோணுது, பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல.

இன்னொன்னும் சொல்லணும். எங்க பையன் ஒருத்தன் வீட்டுக்கு வாட்டர் ப்யூரிஃபையர் விக்க ஒருத்தரு வந்திருக்காரு, கம்பெனி பேரு வேண்டாம். இதே மாதிரி மீட்டர முக்கி, "பாருங்கம்மா 280, இதையா குடிக்கீங்க"ன்னு பயங்காட்டிருக்காரு. பொறவு ரெண்டு டம்ளர்ல கம்பி சொருகி கரண்ட் விடுவாங்க பாருங்க, கொழாத் தண்ணி செம்மண் கலருக்கு மாறும், அவங்க தண்ணி மட்டும் தெளிவா நிக்கும். அந்தக் கலரு தண்ணியில இருந்த அழுக்கு கெடையாது, கரண்டு போகும்போது இரும்புக் கம்பி அரிச்சு வர்ற துருதான். சுத்திகரிச்ச தண்ணியில உப்பு இல்ல, கரண்டு போகல, அதனால துருவும் வரல. அந்தப் பையன் கேட்டிருக்கான், "அண்ணே, இந்த மீட்டர் கிருமி காட்டுமா?" அவரு ஏதோ சொல்லியிருக்காரு. "சரிண்ணே, உங்க தண்ணியில ஒரு சிட்டிக உப்பப் போட்டுட்டு அந்தக் கம்பியத் திரும்ப விடுங்க"ன்னானாம். அவரு சாமானக் கட்டிட்டாரு. மறுநாள் அவங்க அம்மா ஸ்கூல் வாசல்ல என் கையப் புடிச்சுக்கிட்டு, "டீச்சர், 15,000 ரூவா கையில எடுத்துட்டேன், அதுக்குள்ள இவன் வந்துட்டான்"னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. (கரண்ட் விடுத அந்தச் சோதனைய வீட்டுல யாரும் செஞ்சு பாக்காதீங்க, ஆபத்து.)

சாமானப் பத்தி மிச்ச கொறைகள். தண்ணி படுத அளவுக்கு ஒரு கோடு போட்டிருக்காங்க, அதுக்கு மேல முக்குனா உள்ள தண்ணி எறங்கிரும், எங்க நாலாவது மீட்டர் அப்படித்தான் போச்சு, வாளிக்குள்ள விழுந்துட்டு. தானா அணையும்னு டப்பாவுல போட்டிருக்கு, செல நேரம் அணையாம பேட்டரி தீந்துரும், அமுக்கி அணைக்கப் பழக்கணும். வெளக்கச் சீட்டு தமிழ்ல இல்ல, பிள்ளைக தமிழ்ல ஒண்ணு எழுதி டப்பாவுல மடிச்சு வச்சிருக்காங்க. சூட்டுக்கு ஏத்த மாதிரி தானா சரி பண்ணிக்கிடும்னும் போட்டிருக்கு, ஆனா மொட்டமாடி கருப்புத் தொட்டியில மத்தியானம் புடிச்ச தண்ணியும் காலையில புடிச்ச தண்ணியும் கொஞ்சம் வித்தியாசமாத்தான் காட்டுது. சூடு ஒரு டிகிரி கூடுனா மின்சாரம் கடத்துதது சுமாரா ரெண்டு சதவீதம் கூடும், மலிவு மீட்டரு அத முழுசா சமாளிக்காது. ஆற வச்சு அளங்க.

டீச்சர்மாருக்கு ஒரு வார்த்த. ஒரு கிளாசுக்கு ஒரு மீட்டர் பத்தாது, ரெண்டு வாங்குங்க. ஒண்ணு மட்டும் இருந்தா அது சொல்லுததுதான் சத்தியம்னு ஆயிரும். ரெண்டு இருந்தா ரெண்டும் ரெண்டு எண்ணு காட்டும், அப்பதான் ஏன்னு கேப்பாங்க. நேரம் எடுக்கும், போர்ஷன் முடிக்கணுமேன்னு நமக்கு அடிச்சுக்கிடும், எனக்கும் அடிச்சுக்கிட்டுச்சு. வாரத்துல ஒரு பீரியட் ஒதுக்குனேன், அவ்வளவுதான் முடிஞ்சுச்சு. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ப்ராஜெக்ட் தேடுறவங்களுக்கும் இது தோதுப்படும், ஊருத் தண்ணிய விட பெரிய தலைப்பு எங்க கெடைக்கப் போகுது. வீட்டுல சும்மா குடிதண்ணி பாக்க வாங்குறவங்களுக்கு மூணு ஸ்டார்தான் குடுப்பேன், ஏன்னா அந்த ஒரு எண்ண வச்சு தண்ணி நல்லதுன்னோ கெட்டதுன்னோ முடிவெடுக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குன்னா அஞ்சுக்கு நாலரை, அந்தப் பெருக்கல் 10 குறிய அவ்வளவு சின்னதாப் போட்டதுக்கு அரை கொறைக்கேன்.

போன மாசம் நோட்டுப் பிள்ள லீவுக்கு அவ அத்தை வீட்டுக்கு புன்னக்காயல் போனா, தாமிரபரணி கடல்ல சேருத எடம். மீட்டர கேட்டு வாங்கிட்டுப் போயிருந்தா. ராத்திரி எட்டு மணிக்கு போன். "டீச்சர், கடல் தண்ணியில முக்குனேன், எண்ணே வரல, என்னமோ கோடு கோடா நிக்கு, கெட்டுப்போச்சா?" கெடல பிள்ள, இது 9990 வரைக்கும்தான் அளக்கும், அதுக்கு மேல போயிருச்சுன்னு மட்டும் சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லல. அர மணி நேரம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டா. ஒரு டம்ளர் கடல் தண்ணி, ஒம்போது டம்ளர் கேன் தண்ணி கலந்தாளாம், குறியும் பாத்தாளாம், 3,000-த்த ஒட்டி வந்துச்சாம், பத்தால பெருக்குனா 30,000. "ஆனா டீச்சர், போர்டுல ஒருநா கடல் தண்ணிக்கு 35,000னு போட்டிருந்துச்சு, எனக்கு 5,000 கொறையுது. ஆறு கலக்கதாலயா, இல்ல நம்ம மீட்டர் 0.5-ஆல பெருக்கதாலயா?" எனக்கு நெசமாவே ஒடனே பதில் வரல. நாளைக்கு வேற எடத்துலயும் எடுத்துப் பாத்துட்டு வா பிள்ளன்னு சொன்னேன். ஆறு பாட்டில் கொண்டு வந்தா, ஆத்து வாயில ரெண்டு, தள்ளி கரையோரம் நாலு. திங்கக்கெழம மூணாவது பீரியட் அளக்கப் போறோம்.